பத்து வெள்ளி வியூகம்: தோட்டத் துண்டாடலும் தொழிலாளர் கூட்டுறவும்

கோலாலம்பூரிலிருந்து காஜாங்கிற்குப் போகும் பழைய வழி செராஸ் சாலை. இன்று அதன் இரு மருங்கிலும் அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. 2017 ஜூலை முதல் எம்.ஆர்.டி. ரயில் தாமான் மிடா, தாமான் கொன்னாட், பத்து 11 செராஸ் என்று நின்று நின்று காஜாங் வரை ஓடுகிறது. பயணிகளில் பலருக்கு, இந்தப் பாதை முடியும் ஊர் எதற்குப் பெயர் பெற்றது என்று கேட்டால் சாத்தே என்றுதான் பதில் வரும். அதற்கும் முந்திய பெருமை ஒன்று காஜாங்கிற்கு உண்டு. 1890-களின் நடுவில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். மலாயாவில் வாணிப நோக்கோடு ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் அது ஒன்று.

அக்காலத்தில் சிலாங்கூர் தோட்டக்காரர்களின் பயிர் காப்பி. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்ததும் விலை விழுந்தது. காப்பியையே கட்டிக்கொண்டு அழுதவர்கள் நொடித்துப் போனார்கள். காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பரை ஊன்றி வைத்தவர்கள், மோட்டார் வாகனங்களுக்கு டயர் தேவைப்பட்ட காலம் வந்தபோது செல்வந்தர் ஆனார்கள். அந்த ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்டத்தான் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள்.

சூழ்நிலை மாறும்போது கையில் இருப்பதை எங்கே வைப்பது, எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வதை இன்று பல்கலைக்கழகங்களில் வியூக நிர்வாகம் என்ற பெயரில் கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் ஆல்பிரட் சாண்ட்லரின் நூல் 1962-லும் இகோர் ஆன்சாஃபின் நூல் 1965-லும் வெளிவந்த பிறகே அது தனிப் பாடமாக வளர்ந்தது. பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல்கள் அவை. அவை அச்சேறும் முன்னரே, 1960-ஆம் ஆண்டில், பால்மரம் வெட்டும் தொழிலாளர்களை வைத்து இந்த நாட்டில் ஒரு வியூகம் வகுக்கப்பட்டது. நம் சமூகத்தின் பொருளாதார வரலாற்றில் அதற்கு இணையாகச் சொல்ல வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும்.

துண்டாடல் என்ற இடி

மலாயா சுதந்திரம் அடையப் போகிறது என்பது உறுதியானதும் ஆங்கிலேயத் தோட்ட நிறுவனங்கள் சிலவற்றுக்கு அச்சம் பிறந்தது. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. கொரியப் போரின்போது உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு இறங்கிவிட்டது. மரங்களோ கிழடு தட்டியவை. மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுகள் வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். அதைவிட விற்றுவிட்டுப் போவது மேல் என்று சில நிறுவனங்கள் கணக்குப் போட்டன.

வாங்கியவர்கள் பெரும்பாலும் இடைத்தரகு வணிகர்கள். அவர்களுடைய கணக்கு இன்னும் எளிமையானது. ஓர் ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றால் கையில் மிஞ்சும் தொகை கொழுத்தது. இதற்குத்தான் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

துண்டாடலால் மரம் சாய்வதில்லை, பால் வடிவதும் நிற்பதில்லை. சாய்வது தொழிலாளியின் குடும்பம். பெரிய தோட்டம் என்றால் நிர்வாகம் லயம் கட்டித் தர வேண்டும், குழாய்த் தண்ணீர் தர வேண்டும், மருந்தகம் வைக்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே தமிழ்ப்பள்ளி இருக்கும், கோயில் இருக்கும், பெரட்டுக்களம் இருக்கும். பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. அவனும் அவன் குடும்பத்தாரும் வெட்டிக் கொள்வார்கள். இல்லாவிட்டால் ஒரு குத்தகைக்காரனிடம் விட்டுவிடுவான். லயம் யாருடைய துண்டில் விழுந்ததோ அவன் வந்து காலி செய்யச் சொல்வான். பள்ளிக்கூடம் ஒருவன் நிலத்தில், கோயில் இன்னொருவன் நிலத்தில். மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் ஒரு சதுர அடிகூடத் தமக்குச் சொந்தமில்லை என்பதைத் தொழிலாளர்கள் அப்போதுதான் கண்ணெதிரே கண்டார்கள்.

இதற்கு என்ன செய்வது? அன்றைய தலைவர்கள் முன்னே இருந்த வழிகள் சில. சட்டம் கொண்டுவந்து துண்டாடலைத் தடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அஜிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். ஆனால், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைக் கூறுபோடவோ கைமாற்றவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி தேசிய நிலச் சட்டத்தில் சேர்ந்தது 1972-இல். அதற்குள் பெருந்தொகையான ஏக்கர் நிலம் போய்விட்டது.

இன்னொரு வழி தொழிற்சங்கம். 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி. நாராயணன் தலைமையில் வலிமை பெற்று நின்றது. அது சம்பளத்துக்குப் போராடியது, வேலை நேரத்துக்குப் போராடியது, வெற்றியும் கண்டது. இருந்தாலும் சங்கம் பேச்சுவார்த்தை நடத்த எதிரே ஒரு முதலாளி வேண்டும். தோட்டம் நூறு துண்டாகிவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவது?

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, அதைத் தொழிலாளர்களே வாங்கிவிட வேண்டும் என்றார்.

மூன்று நாள் சம்பளம்

சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தை வீராசாமி மலாயாவுக்கு வந்து உழைத்து ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1955-இல் ம.இ.கா. தலைவரானார், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அமைச்சர். தோட்ட முதலாளியின் கணக்கும் அவருக்குத் தெரியும், தொழிலாளியின் லயமும் தெரியும். இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது தற்செயல்தான் என்றாலும், பிறகு நடந்ததற்கு அதுவே ஆதாரம்.

1960-இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. சம்பந்தனுக்குத் தோள் கொடுத்து அதன் நிர்வாகத்தை நெடுங்காலம் நடத்தியவர் கே.ஆர். சோமசுந்தரம். ஏற்பாடு இதுதான்: ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். பால் வெட்டுபவருக்கு நாள் சம்பளம் சுமார் 3 வெள்ளி கிடைத்த காலம் அது. ஆகவே பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பு. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை என்ற நிலையில் மூன்று நாள் உழைப்பை எடுத்து வைப்பது எளிதான காரியமில்லை. அதுவும் கண்ணால் காணாத ஒரு தோட்டத்துக்காக!

அமைச்சர் தோட்டம் தோட்டமாக நேரில் போனார். கூட்டம் கூட்டினார், விளக்கினார், கையெழுத்து வாங்கினார். கங்காணிக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் பணம் கொடுத்தே பழகிய மக்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நம்பிப் பணம் கட்ட வந்தார்கள். நம்பிக்கை என்பது எந்த நிர்வாக நூலிலும் முதலீட்டுக் கணக்கில் எழுதப்படுவதில்லை. ஆயினும் இந்தச் சங்கத்துக்கு முதலில் கிடைத்த முதலீடு அதுதான்.

முதல் தோட்டம் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம். 1961-இல் அது சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. காலப்போக்கில் சங்கத்தின் நிலம் 30,000 ஏக்கரைத் தாண்டியது. உறுப்பினர்கள் பல்லாயிரவர் ஆனார்கள். கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், விஸ்மா துன் சம்பந்தன் என்ற தலைமையகம் எழுந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேலை ஓரிடத்தில், பங்கு வேறிடத்தில். செராஸ் சாலையோரத்துத் தோட்டம் ஒன்றில் ஆங்கிலேய நிறுவனத்துக்குப் பால் வெட்டும் ஒருவர், கெடாவில் உள்ள தோட்டத்துக்குப் பங்காளியாக இருக்கலாம். தம் தோட்டம் விற்கப்பட்டு வேலை போனாலும் பங்கு போகாது. தோட்ட வாழ்க்கையில் இது புதுமை. அதுவரை வேலை, வீடு, பள்ளி, கோயில், கடன் எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. வேலை என்ற நூலை இழுத்தால் அனைத்தும் அவிழ்ந்து விழும். அந்த முடிச்சுக்கு வெளியே ஒரு சொத்தை வைத்தது பத்து வெள்ளி.

1969-இல் இதன் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. குடியுரிமைப் பத்திரம் எடுக்காமலே காலம் கழித்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏற நேர்ந்தது. மலாயாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள். வேலையும் குடியிருப்பும் மற்றவர் தயவில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் வேறில்லை.

வண்டு வந்த ஆண்டு

துண்டாடல் மனிதர்கள் கொண்டுவந்த மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றங்கள் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தன.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் கிடைக்கவில்லை. அதனால் செயற்கை ரப்பர் ஆலைகளை அது அவசர அவசரமாகக் கட்டியது. போர் முடிந்தும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. 1960-களில் உலகில் விற்பனையான ரப்பரில் செயற்கை ரப்பரே மிகுதி. மலாயாவின் பதில், ஒரே மரத்திலிருந்து கூடுதல் பால் எடுப்பது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற உயர்விளைச்சல் ரகங்களைத் தந்தது. மூலதனம் உள்ளவர்கள் மறுநடவு செய்து பிழைத்தார்கள். பத்து ஏக்கர்த் துண்டை வாங்கியவர்களில் பலரால் அது முடியவில்லை. தோட்டத்தை முழுசாகக் காப்பாற்ற வேண்டும் என்ற கூட்டுறவின் பிடிவாதத்துக்கு இங்கே ஒரு தொழில்நுட்ப நியாயமும் சேர்ந்துகொண்டது.

அடுத்து வந்தது செம்பனை. சிலாங்கூரில் அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட ஊரில், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே முதன்முதலாக அதை வாணிபப் பயிராக நட்டார். நெடுநாள் அது ரப்பருக்குத் தம்பியாகவே இருந்தது. 1960-இல் நாட்டில் செம்பனைப் பரப்பு சுமார் 55,000 ஹெக்டேர். இன்று 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல். ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடத்தை 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் மலேசியா விட்டுக்கொடுத்தது. யாரும் பறித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. மலேசியத் தோட்டங்கள் தாமாகவே வேறு பயிருக்கு மாறிவிட்டன.

ரப்பருக்கு இரண்டு மூன்று ஹெக்டேருக்கு ஓர் ஆள் வேண்டும். செம்பனைக்கு எட்டுப் பத்து ஹெக்டேருக்கு ஓர் ஆள் போதும். இந்த ஒரு வரிக் கணக்கில் தோட்டப்புறத் தமிழர்களின் பிற்கால வரலாறு முழுதும் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

பெண்களுக்கு நேர்ந்ததைத் தனியே சொல்ல வேண்டும். பால்வெட்டில் ஆணும் பெண்ணும் சமம். விடியும் முன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டிவிட்டு, பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து வாளியில் சுமந்து வருவாள். அவள் கையிலும் சம்பளம் விழுந்தது. செம்பனையில் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள குலையை அறுத்து ஏற்றுவது ஆணின் வேலை ஆகிவிட்டது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, களை மருந்து அடிப்பது, பூவுக்கு மகரந்தம் தெளிப்பது ஆகியவை மிஞ்சின.

மகரந்தம் தெளிப்பது விசித்திரமான வேலை. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வரும்போது அதன் பூக்களை நாடும் பூச்சிகள் கூட வரவில்லை. ஆகவே ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, பெண் பூ மலர்ந்திருக்கும் மரத்தைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் ஊத வேண்டும். இதற்கென்றே தோட்டங்களில் ஆட்களை வைத்திருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கேமரூனிலும் மலேசியாவிலும் பணியாற்றியவர். கேமரூனில் கையால் ஊதாமலே காய் நன்றாகப் பிடிப்பதை அவர் கவனித்திருந்தார். பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அங்கே போய் ஆராய்ந்து, காரணம் ஒரு சின்னஞ்சிறு வண்டு என்று கண்டுபிடித்தார். அது மற்றப் பயிர்களைத் தின்னாது என்று சோதித்து உறுதி செய்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் மாமோர் தோட்டத்தில் வண்டுகளைப் பறக்கவிட்டார்கள். குறுகிய காலத்தில் அவை தீபகற்பம் முழுவதும் பரவின. காய்ப்பிடிப்பு கூடியது. நாட்டுக்கு அது பெரும் செல்வம். மகரந்தம் ஊதியவர்களின் வேலை மட்டும் அத்தோடு முடிந்துபோனது. நிர்வாகம் ஒரு பூச்சியைக் கொண்டுவரும், அது தன் வேலையைப் பறிக்கும் என்று எந்தத் தொழிலாளியும் கனவிலும் நினைத்திருக்க முடியாது. எந்தத் தலைவரும் நினைத்திருக்க முடியாதுதான்.

கூட்டுறவுச் சங்கமும் இந்த மாற்றத்திலிருந்து தப்பவில்லை. அதன் தோட்டங்களிலும் செம்பனை ஏறியது. இங்கேதான் ஓர் இக்கட்டு. சங்கத்தின் உரிமையாளரும் தொழிலாளி, அதில் உழைப்பவரும் தொழிலாளி. உரிமையாளராகப் பார்த்தால் செம்பனைக்கு மாறுவதே அறிவுடைமை. லாப ஈவு கூடும். உழைப்பாளியாகப் பார்த்தால் மூவரில் இருவருக்கு வேலை இல்லை. வேலையைக் காப்பாற்றத் தொடங்கிய அமைப்பு, குறைந்த ஆட்களோடு ஓடும் அமைப்பாக மாற வேண்டியிருந்தது. இதைத் தோல்வி என்று சிலர் குறை கூறுவதுண்டு. அது முழு உண்மையாகாது. வேலையைச் சங்கத்தால் நிரந்தரமாகக் காக்க முடியவில்லை. ரப்பரிலேயே ஊன்றி நின்றிருந்தால் பங்கையும் சேர்த்து இழந்திருப்பார்கள். வேலை போன தொழிலாளியின் கையில் ஒரு பங்குப் பத்திரமும், அவர் பிள்ளைக்கு ஒரு கல்வி உதவித்தொகையும் மிஞ்சியது என்றால், அது முன்பு இருந்த நிலைக்கு எவ்வளவோ மேல்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது

தலைநகரைச் சுற்றி இருந்த தோட்டங்களுக்கு வேறொரு விதி காத்திருந்தது. இங்கே துண்டாடலோ செம்பனையோ முக்கியமில்லை, நகரமே வந்துவிட்டது.

சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா உருவானது. பேராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் 1990-களில் புத்ராஜெயாவாக மாறின. செராஸுக்கு அருகே புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த இடத்தில், 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டமே குவாசா டமன்சாரா என்ற புதுநகரத் திட்டமாகிவிட்டது. உயர்விளைச்சல் மரங்களுக்குப் பெயர் பெற்ற கழகத்தின் நிலத்தில் இனி விளைவது கான்கிரீட்!

தோட்ட நிறுவனங்கள் இந்த மாற்றத்தை நன்றாகப் படித்தன. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் குத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெர்மொடாலான் நேஷனல் கைப்பற்றியது. தோட்டங்களின் உடைமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. 2007-இல் சைம் டார்பி, குத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் ஒன்றாயின. 2017-இல் தோட்டத்துக்கு ஒரு நிறுவனம், வீடமைப்பு நிலத்துக்கு இன்னொரு நிறுவனம் என்று பிரிந்தன. நிலத்தின் மதிப்பு பயிரிலா மனையிலா என்று பார்த்துப் பார்த்து உருமாறியிருக்கிறார்கள். வியூக நிர்வாகப் பாடத்துக்கு நல்ல உதாரணம்தான்.

ஆனால் அந்த நிலத்தில் இருந்த மனிதருக்கு? உடைமை லண்டனில் இருந்தபோதும் லயம் அவருடையதில்லை, கோலாலம்பூருக்கு வந்தபோதும் அவருடையதில்லை. தோட்டம் மூடப்பட்டால் அவருக்கு உரியது 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க இழப்பீட்டு விதிகள் சொல்லும் தொகை. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் கூலி. அவர் வெட்டிய நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அவர் உழைப்பு நாள் கணக்கில் முடிக்கப்படுகிறது. கையில் அந்தத் தொகையோடு அவர் நகரத்தின் புறம்போக்குக் குடிசைக்கும், பிறகு செராஸ், பண்டார் துன் ரசாக் பகுதிகளின் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தார். மகள் சுங்கைவே தொழிற்சாலைக்குப் போனாள். மகன் லாரி ஓட்டினான், அல்லது பட்டறையில் சேர்ந்தான். தோட்டத்தில் காலியான இடத்துக்குக் குத்தகையாளர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

1980-களில் இச்சமூகம் மறுபடியும் ஒரு கூட்டு முயற்சியில் இறங்கியது. அதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவப்பட்டது. சுமார் 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் வெள்ளியைப் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமும் அதில் உண்டு. தோட்டப் பொருளாதாரம் தேய்கிறது, நவீனத் துறைகளுக்குள் நுழைய வேண்டும் என்ற நோக்கம் தவறென்று யாரும் சொல்ல முடியாது. காலத்தைப் பார்த்தால் 1960-இன் வியூகத்தைவிட அது புதுமையானதும்கூட. பிறகு ஏற்பட்ட சர்ச்சைகள் பல. அவை தனிக் கதை. பங்குதாரர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2010-இல், காப்புறுதி நிறுவனமே முக்கியச் சொத்தாக எஞ்சியிருந்த நிலையில், பங்கு ஒன்றுக்கு 80 காசு விலையில் ஜி டீம் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஒரு வெள்ளி போட்டவருக்கு 80 காசு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. கூட்டுறவில் பணம் போட்டவர்களுக்குத் தாங்கள் வாங்கும் பொருள் இன்னதென்று தெரியும். ஒரு தோட்டம் நன்றாக நடக்கிறதா, மரம் எப்படி இருக்கிறது, பால் எவ்வளவு என்பதை ஒரு கிராணியைவிட நன்றாகப் பால் வெட்டுபவர் கணிப்பார். பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க அந்த அறிவு போதும். ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் விதி. காப்புறுதிக் கணக்கையும் பங்குச் சந்தையையும் பற்றி அதே மனிதர் எப்படிக் கேள்வி கேட்பார்? கேட்டாலும் நிறுவனத்தில் வாக்கு பங்கின் அளவுக்குத்தானே. புதிய துறைக்குள் போனது பிழையாகாது. போட்டவர்களுக்கு அதைக் கண்காணிக்கும் வலிமையைத் தராமல் போனதுதான் பிழை.

சம்பந்தன் 1973-இல் ம.இ.கா. தலைமையை விட்டு விலகி, 1979 மே மாதம் காலமானார். செம்பனை வண்டு பறக்கவிடப்பட்டதை அவர் பார்க்கவில்லை. செராஸ் சாலையோரம் அடுக்குமாடியாக மாறியதையும் அவர் பார்க்கவில்லை. துண்டாடல் என்ற ஒரே ஆபத்தைத்தான் அவர் கண்டார். வந்த ஆபத்துகளோ பல. அவர் வாங்கச் சொன்னது வேலையாக இல்லாமல் நிலமாக இருந்ததால், எதிர்பாராத மாற்றங்களையும் அது தாங்கியது.

அந்தப் பங்கு இல்லாதவர்களின் கதை எங்கே போய் நின்றது என்பதற்கு மீண்டும் பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் போக வேண்டும். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அமைந்த அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அவ்வட்டாரத்தின் ஐந்து தோட்டங்கள் 1990-களில் கைமாறியபோது, அங்கிருந்த தொழிலாளர்களுக்குத் தரை வீடு தருவதாகச் சொல்லப்பட்டது. 245 குடும்பங்கள் காத்திருந்தன. மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், தேர்தல்கள் வந்து போயின. அவர்களுக்கான வீடுகளின் கட்டுமானத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்தது 2023-ஆம் ஆண்டில். முதலில் கேட்டவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மனுவில் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் இருந்தது.